நாற்பத்து நாலு

கல்முனையில் இரும்புக்கடைக்கு மேல்மாடி.
சீமெந்து மணம் ஏறிவரும் படியின் அடியில்
ஐந்து சோடிச் செருப்பு.
மேலே ஐந்து பேர், ஒரு மேசை,
மூலை கிழிந்த பழைய வினாத்தாள்.
போட்டிக்கு இன்னும் பதினொரு நாள்.

ஏழாம் வினா:
ஐந்து கடிதம், ஐந்து உறை.
ஒன்றுகூடத் தன் உறைக்குள் போகாமல்
எத்தனை விதமாய் இடலாம்?

"ஆருகா இப்ப கடிதம் போடுற?" என்றாள் விதுர்ஷா.
ஒருவரும் சிரிக்கவில்லை.

எல்லா விதமும் சேர்த்து நூற்றிருபது.
ஒவ்வொரு கடிதமாய்ச் சரியாய்ப் போவதைக் கழித்தால்
அதுவும் நூற்றிருபது.
வெறுங்கை.
இருமுறை கழிபட்டவை உண்டே,
அறுபதைத் திருப்பிக் கொடு.
கொடுத்தது கூடிப்போச்சு, இருபதைப் பிடுங்கு.
பிடுங்கினதில் ஐந்து அநியாயம், அதையும் கொடு.
மீன்கடையில் மிச்சக்காசு எண்ணுவது போல
கொடுத்தும் வாங்கியும் களைத்து
நாற்பத்தைந்தில் நின்று கோடு கீறினேன்.

"நாற்பத்து நாலு," என்றான் ஸப்ரான்,
பேனை மூடியைக் கடித்தபடி.
"ஒண்ட விட்டுட்டாய்."
"எந்த ஒண்ட?"

அப்போதுதான் கரண்ட் போனது.
போனதோடு மழையும் வந்தது.
கீழே ஓட்டோக்காரன் ஹோர்னை அழுத்த
பத்துக் கால்கள் இருட்டில் படியிறங்கி
அகப்பட்டதை மாட்டிக்கொண்டு ஓடின.

பாண்டிருப்பில் வீட்டு வாசலில்
போன் வெளிச்சத்தைக் காலுக்குப் பிடித்தேன்.
என் கால் ஒரு வள்ளத்துக்குள் நின்றது.
கேனுஜனுடையது.

குழுவில் போட்டேன்: என் செருப்பு ஆரிட்ட?
கேனுஜன் சொன்னான், தெரியாது,
என் குதி வெளியே கிடக்கிறது,
வாரில் வெள்ளை முத்து இருக்கிறது.
முத்து வைத்த செருப்பு ருஷ்தாவினது.
ருஷ்தா படம் அனுப்பினாள்:
இடது வார், அதைக் குத்தியிருக்கும் ஊசி,
நீல நிறம்.
அது என்னுடையது.

என்னிலிருந்து போய் என்னிடமே வந்த வட்டம்.
மூன்று பேர்.
மிச்சம் இரண்டு பேரும் ஒருவர் செருப்பில் ஒருவர்;
ஸப்ரானுடையதில் மணல் இருக்கிறது என்று
விதுர்ஷா முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

ஈரச் சட்டையோடு கொப்பியை விரித்தேன்.
ஐவருக்கும் பிழைத்தால்
ஒன்றில் ஐவரும் ஒரே வட்டம்: இருபத்து நாலு.
அல்லது எங்களைப் போல இரண்டும் மூன்றுமாய்:
இருவரைத் தெரியப் பத்து வழி,
மற்ற மூவர் சுற்ற இரண்டு,
இருபது.
வேறு வழியே கிடையாது.
நாலு பேருக்குச் சரியாகி
ஒருவருக்கு மட்டும் பிழைக்கவே முடியாது.
என் கால் பிழையான செருப்பில் என்றால்
எங்கோ ஒரு கால் என்னுடையதில்.
ஊசி குத்தாமல் நடக்க
அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

இருபத்து நாலும் இருபதும்.
கூட்டிவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் விட்ட ஒன்று எதுவென்றும் தெரிந்தது.
எல்லாரும் தத்தம் செருப்போடு
வீடு போய்ச்சேரும் அந்த ஒரேயொரு விதம்.
தினமும் நடப்பதாலோ என்னவோ
கழிக்க மறந்திருந்தேன்.

ஸப்ரானுக்கு எழுதினேன்: நீ சொன்னது சரி.
அழித்தேன்.
திரும்ப எழுதி, மணலுக்கு விதுர்ஷாவிடம் மன்னிப்புக் கேள்
என்று சேர்த்து அனுப்பினேன்.

அடுத்த நாள் மழையில்லை, கரண்டும் போகவில்லை.
எட்டாம் வினாவோடு ஏழரை மணியாயிற்று.
கீழே வந்து அவரவர் அவரவருடையதில்
காலை நுழைத்தோம்.
நூற்றிருபதில் ஒன்று நடந்தது,
ஒருவரும் கவனிக்கவில்லை.

விதுர்ஷாவின் வார் மட்டும்
கடை வாசலில் அறுந்தது.
அது எந்தக் கணக்கிலும் இல்லை.